ஒழுக்கம் என்ற கட்டம்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலை வாளிக்கடைக்காரர் மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அக்கா மகளின் பெயர் இல்லை. கடைசியில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

"விரலை எடுங்க மாமா. தேய்ச்சா பேரு வராது," என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா மகள்.

அவளுக்குத் தெருவில் வாத்து என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்கு வைத்தார்கள். அவள் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டாள். வேக நடைப் போட்டிக்காரி. அந்தப் போட்டியில் ஓடக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் தரையைத் தொடும்போது முழங்கால் மடங்கியிருக்கக் கூடாது. இத்தனைக்கும் கட்டுப்பட்டு ஒருத்தி வேகமாக நடந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடத்தான் செய்யும். ஆடட்டும். ஐந்து கிலோமீட்டரை இருபத்து நாலு நிமிடம் ஐம்பது விநாடியில் கடக்கிற இடுப்பு அது. கேலி செய்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேகத்தில் ஓடவே வராது.

போன மாதம் நடந்த தேர்வுச் சோதனையில் அவள்தான் முதலாவது. இரண்டாவதாக வந்த பெண் அரைச் சுற்று பின்னால் இருந்தாள். அந்த இரண்டாவது பெண்ணின் பெயர் பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் பளிச்சென்று இருந்தது.

மண்டல விளையாட்டு மேம்பாட்டு முகமை என்று வாசலில் போட்டிருந்தாலும், எல்லோரும் அதை முகமை என்றே சொன்னார்கள். பெரிய கிளப்பு, பணக்காரப் பள்ளிக்கூடம் என்று எந்த ஆதரவும் இல்லாமல் தன் ஆசைக்கு ஓடுகிற, குதிக்கிற, எறிகிற பிள்ளைகளில் வருஷத்துக்கு இருபத்து நாலு பேரை அது எடுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு விடுதி, பயிற்சியாளர், ஷூ, காலைப் பிடித்துவிட ஆள், போட்டிகளுக்குப் போய்வர பஸ். பதினெட்டு வயது முடியாதவர்களுக்கு மட்டும். வாத்துக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி பதினெட்டு முடிகிறது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியலை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் இவளுக்கு இல்லை.

அப்போது மணி பன்னிரண்டரை. போன் அடித்தது. அக்கா.

"பேரு வந்துச்சா?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"ஒரு பேரைப் பார்க்க எவ்வளவு நேரம்டா? இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. அட்டைப்பெட்டி கம்பெனி சூப்பர்வைசர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு. திங்கட்கிழமை வரலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆளாம். அவளை அனுப்புறேன்னு சொல்லட்டா?"

"ஒரு அஞ்சு மணி வரைக்கும் பொறுக்கா."

"நீ வாங்கின வாய்தாவிலயே என் தலை நரைச்சுப் போச்சு," என்று வைத்துவிட்டாள்.

அக்கா சொன்னால் சொன்னதுதான். தையல் மெஷினில் ஒற்றை ஆளாக வீட்டை ஓட்டுகிறவள். 'ஒரு தடவை முயற்சி பண்ணட்டும்' என்று அவள் சம்மதித்ததே, தம்பி நான்கு மாதம் விடாமல் பேரம் பேசியதால்தான்.

விண்ணப்பப் பிரிவு ஜன்னலில் இருந்த பெண்மணிக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்தி, அதற்கு மேலாக ஆளை எடைபோடுகிறவர். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் மனசுக்குள் குறித்துக்கொண்டார்: கறாரான வாடிக்கை, ஆனால் கேட்டால் இறங்கி வருவார்.

"சோதனை எண் நூற்றுப் பதினேழு மேடம். முதலாவது வந்த பொண்ணு. பேரு விட்டுப் போயிருக்கு."

"இங்க எதுவும் விட்டுப் போகாது. ஒண்ணு சேரும், இல்லன்னா சேராது," என்றபடி எழுத்தர் கணினியில் தட்டினார். புருவத்தைச் சுருக்கினார். எழுந்து போய், பின்னாலிருந்த அலமாரியின் அடித்தட்டிலிருந்து நாடா கட்டிய ஒரு கட்டைத் தூக்கிவந்து மேஜையில் போட்டார். மேலே ஒரு சீட்டு: 'பிரிவு அறிய இயலாதவை.'

கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவி, ஒரு இடத்தைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இதை எழுதினது யாரு சார்?"

"நான்தான்," என்றார் கடைக்காரர், கொஞ்சம் நிமிர்ந்து. அவர் கையெழுத்து கடைத்தெருவிலேயே பேர்போனது. பக்கத்துக் கடைக்காரர்கள் 'இன்று கடை விடுமுறை' என்று எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். விண்ணப்பப் படிவத்தை வாத்தின் கையில் கொடுக்காமல், மூன்று நாள் வைத்திருந்து, கறுப்பு மையில் எழுதி, தானே கொண்டுவந்து கொடுத்தார்.

எழுத்தர் படிவத்தை அவர் பக்கம் திருப்பினார். ஆறாவது கட்டம். அச்சில், 'விண்ணப்பதாரரின் ஒழுக்கம்.' அதற்கு எதிரே மணிமணியாக: 'மிக மிக நன்று. எதிர்த்துப் பேசமாட்டாள். பெரியவர்கள் முன் குரல் உயர்த்தி அறியாதவள்.'

"சரியாத்தானே இருக்கு?"

"சார், இங்கிலீஷ் படிவத்துல இது டிசிப்ளின்னு இருக்கும். விளையாட்டுல அப்படின்னா எந்தப் பிரிவுன்னு அர்த்தம். ஓட்டமா, குண்டு எறியறதா, நடையான்னு. இந்த வருஷம்தான் படிவத்தைத் தமிழ்ல போட்டாங்க. போட்டவர் அகராதியைப் பார்த்து ஒழுக்கம்னு போட்டுட்டார். நீங்க அங்க வேக நடைன்னு எழுதியிருக்கணும்."

"ஒழுக்கம்னு கேட்டா வேக நடைன்னு எந்தப் பைத்தியக்காரன் மேடம் எழுதுவான்?"

"பயிற்சியாளர் வச்சிருக்கற பிள்ளைங்க எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு. பழைய படிவம் பார்த்தவங்க சொல்லிக் கொடுத்திருப்பாங்க. சோதனைத் தாள்ல எண்ணும் நேரமும்தான் இருக்கும். அந்த எண்ணை எந்தப் பிரிவுல சேர்க்கணும்னு இந்தக் கட்டம்தான் சொல்லும். கட்டம் சொல்லலைன்னா கம்ப்யூட்டர் சேர்க்காது."

வாத்து மாமாவின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். கடைக்காரர் திட்டுக்காகக் காத்திருந்தார். சத்தமே வரவில்லை.

"ஏதாவது சொல்லும்மா."

"எப்படிச் சொல்றது? எதிர்த்துப் பேசமாட்டாள்னு எழுதிட்டீங்களே."

சிரிப்பதுபோல்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கீழ உக்காந்திருக்கேன்," என்று மாடிப்படியை நோக்கிப் போனாள். பழக்கத்தில் வேகமாக நடந்தாள், இடுப்பு ஆட. நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பயல் சிரித்தான். கடைக்காரர் அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இனி அவருடைய வேளை. இருபத்திரண்டு வருஷம் பிளாஸ்டிக் விற்றவர். காது உடைந்த வாளியை 'இது பூச்செடிக்குன்னே வந்த மாடல்' என்று தள்ளிவிட்டவர். ஒரு எழுத்தரைக் கரைக்க முடியாதா? முதலில் பணிவு. "மேடம், நீங்க மனசு வச்சா..." வைத்தாலும் முடியாது என்றார் எழுத்தர். அடுத்தது உறவு. "உங்க பொண்ணா நினைச்சு..." தனக்கு மூன்றும் பையன்கள் என்றார். அடுத்தது நயம். கடையில் புதிதாக வந்திருக்கும் மூடிபோட்ட டப்பா செட்டைப் பற்றி லேசாக ஆரம்பித்தார்.

"சார், அந்தப் பேச்சே வேண்டாம். வீட்ல டப்பா வைக்க இடமில்ல."

விலை இருக்கிற இடத்தில்தானே பேரம் பேச முடியும்? இந்த ஜன்னலில் எதற்கும் விலை எழுதி ஒட்டவில்லை.

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. ஒரு தடை ஓட்டப் பொண்ணு காலை உடைச்சுக்கிட்டு விலகிடுச்சு. ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. மூணு மணிக்கு மேல அதிகாரி ரூமுக்குப் போங்க. தவறிப் போச்சு சார், மன்னிச்சுக்கங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க. முக்கியமா, படிவத்தைத் தமிழ்ல போட்டது யாருன்னு கேக்காதீங்க."

"ஏன்? யாரு?"

"உள்ள உக்காந்திருக்கார்."

நல்ல மனசோடு சொன்ன தகவல். ஆனால் கடைத்தெருவில் வளர்ந்தவன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது: எதிராளியின் சரக்கில் ஓட்டை இருக்கிறது.

எழுத்தர் சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் கட்டு ஜன்னலின் விளிம்பிலேயே கிடந்தது. கடைக்காரர் புரட்டினார். வாத்தின் படிவத்தோடு சேர்த்து நாற்பத்து நாலு. எல்லாவற்றிலும் ஆறாவது கட்டம்.

'பரவாயில்லை.'

'அப்பாவுக்கு மட்டும் பயப்படுவான்.'

'முன்பு சற்றுக் குறைவு. தற்போது தேறியுள்ளது.'

'இனிமேல் ஒழுங்காக இருப்பான். நான் பொறுப்பு. இப்படிக்கு, சித்தப்பா.'

ஒன்றில், 'கேள்வி புரியவில்லை' என்று மட்டும். நாற்பத்து நாலு பேரில் அந்த ஒரு ஆள்தான் விவரமானவன் என்று நினைத்துச் சிரித்தார். அடுத்ததில் கோணல் எழுத்தில், 'தாய் இல்லாத பிள்ளை. ஆனாலும் யாரும் ஒரு குறை சொன்னதில்லை' என்று இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. கட்டை மூடி வைத்தார்.

மூன்று மணிக்கு உள்ளே போகும்போது அவருக்குப் பயமில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று.

மண்டல அதிகாரி ஒரு காலத்தில் கோலூன்றித் தாண்டியவர். சுவரில் போட்டோ இருந்தது: அந்தரத்தில் ஒல்லியாக ஒரு ஆள். கீழே நாற்காலியில் அதே ஆள் இரண்டு மடங்காக உட்கார்ந்து, முடிவுப் பட்டியலில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், மன்னிப்பு கேக்க வரல. தப்பு எங்க மேல இல்ல," என்று ஆரம்பித்தார் கடைக்காரர். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஒழுக்கம் என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்டார். கடையில் சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் உப்பை வைத்துவிட்டு, வாங்கினவனைக் குற்றம் சொல்ல முடியுமா என்று கேட்டார். கட்டில் நாற்பத்து நாலு பேர் இருப்பதைச் சொன்னார். எண்ணிக்கையை இரண்டு தடவை சொன்னார், விலையை உறுதிப்படுத்துகிற மாதிரி.

அதிகாரி பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கடைக்காரருக்கு வசதியாக இருந்திருக்கும். கோபத்தில் ஆள் விலையை விட்டுக்கொடுத்துவிடுவான்.

"நீங்க சொல்றது சரி," என்றார்.

கடைக்காரர் எதிர்பார்க்காத பதில்.

"சரியா இருக்கறதாலதான் கஷ்டம். இது முகமையோட தப்புன்னு நான் ஒத்துக்கிட்டா, நாப்பத்து நாலு பேருக்கும் தப்பு. இந்தப் பட்டியலை நிறுத்தணும். தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். அவங்க விளக்கம் கேப்பாங்க, நான் கொடுப்பேன், அதுக்கு இன்னொரு விளக்கம் கேப்பாங்க. மூணு மாசம். உங்க பொண்ணுக்கு எப்ப பதினெட்டு முடியுது?"

"அடுத்த மாசம் ஒன்பது."

"அப்ப நீங்களே ஜெயிச்சு நீங்களே தோத்துடுவீங்க."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகியது. கடைக்காரர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்து நாலு என்று சொல்லாமல் இருந்திருந்தால்! 'தவறிப் போச்சு சார்' என்று வந்து நின்றிருந்தால்! எழுத்தர் அம்மாள் கையில் வைத்துக் கொடுத்த சரக்கை, ரசீது கேட்டுக் கெடுத்துவிட்டார்.

"சார், அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல. எழுதினது நான். அவ நடக்கறதை நீங்க ஒரு தடவை பார்த்தா..."

"பார்த்தேன். சோதனை அன்னிக்கு நான்தான் முடிவுக் கோட்டுல நின்னேன். இந்த மண்டலத்துல அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்ல." அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் தள்ளினார். "ஒருத்தரோட தப்பை மன்னிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. முகமையோட தப்பை மன்னிக்க இல்ல. எழுதுங்க. படிவத்தைக் கவனமாகப் படிக்காமல் நிரப்பியது என் தவறு."

கடைக்காரர் எழுதினார். முதல் தடவையாக அவர் கையெழுத்து கோணியது.

"படிவத்தில் எந்தக் குறையும் இல்லை."

பேனா நின்றது.

"அந்த ஒரு வரி வேண்டாமே சார். தப்பு என்னுதுன்னுதான் எழுதிட்டேனே."

"அந்த ஒரு வரிதான் கடிதமே. நாளைக்கு யாராவது கேட்டா என்கிட்ட இருக்கப் போறது அது மட்டும்தான்."

"மத்த நாப்பத்து மூணு பேரு?"

"அவங்க யாரும் இங்க வந்து உக்காரலையே." இதைச் சொல்லும்போது அதிகாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த தன் போட்டோவைப் பார்த்தார். "இதை வெளியில பேசினீங்கன்னா கடிதமும் செல்லாது, இடமும் செல்லாது. நாலரைக்குள்ள முடிவு சொல்லுங்க."

நடைக்கூடத்துக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டார். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"நாப்பத்து மூணு பிள்ளைங்களையும் நீயாடா பெத்த?"

"இல்லக்கா. ஆனா..."

"நீ ஒண்ணையும் பெக்கல. நான் ஒண்ணே ஒண்ணு பெத்தேன். அதுக்கு எழுதறதையாவது ஒழுங்கா எழுதுவேன்னு நினைச்சுக் கொடுத்தேன்." அக்காவின் குரல் உடைந்து, உடனே தேறிக்கொண்டது. "அட்டைப்பெட்டி கம்பெனியில போய்ப் பாரு. எட்டு மணி நேரம் நின்ன இடத்துலயே நிக்கணும். என் பொண்ணு நிக்கவா பொறந்தா? போட்டுத் தொலைடா கையெழுத்தை."

போட்டார். அந்த ஒரு வரியையும் எழுதித்தான் போட்டார். நாலு மணி பத்து நிமிடம். அதிகாரி கடிதத்தை ஒரு தடவை படித்து, கோப்பில் வைத்து, நகல் ஒன்றை அவரிடம் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எழுத்தர் பட்டியலில் இருபத்து நாலாவது வரியை அடித்துச் சேர்த்தார். பக்கத்தை மாற்றி அச்செடுத்தார். அந்தக் கட்டை மறுபடி நாடாவால் இறுக்கிக் கட்டும்போது கடைக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அது இனி எங்க போகும் மேடம்?"

"கீழ ரெக்கார்டு ரூமுக்கு."

"அங்க?"

"அங்க ஒழுக்கமா இருக்கும்," என்றார் எழுத்தர், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து.

கீழே படியில் வாத்து ஷூவின் நாடாவைக் கழற்றிக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். கேட்கப் பயந்து, முகத்தையே பார்த்தாள்.

"கிடைச்சிடுச்சு."

"பொய்."

"என் கடை மேல சத்தியமா. இருபத்து நாலாவது. திங்கட்கிழமை விடுதிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவள் கத்தவில்லை. குதிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு தெறித்துத் தெறித்து வந்தது, பந்தயம் முடித்தவளைப் போல. "எப்படி மாமா? என்ன சொன்னீங்க?"

"பேச வேண்டிய மாதிரி பேசினேன். விடு."

"ஒரு தடவை பேரைப் பார்த்துட்டு வந்துடறேன். அம்மாவுக்குப் போட்டோ அனுப்பணும்," என்று எழுந்து மேலே ஓடினாள். அப்போது மட்டும் உண்மையாகவே ஓடினாள்.

அவர் வாசலுக்கு வந்து நிழலில் நின்றார். பள்ளிக்கூட வேன் ஒன்று அவசரமாக வந்து நின்றது. ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு இறங்கி, படியை நோக்கி வந்தவர், அவரைப் பார்த்து நின்றார்.

"அண்ணே, விண்ணப்பப் பிரிவு மேலயா? என் பையன் பேரு பட்டியல்ல வரலைன்னு சொன்னாங்க. உயரம் தாண்டறவன். சோதனையில ரெண்டாவது வந்தான். போன்ல கேட்டா பிரிவு எழுதலைன்னு சொல்றாங்க. எல்லாக் கட்டமும் எழுதினேனே. ட்ரிப் முடிச்சு இப்பத்தான் வர முடிஞ்சுது."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார். "ஒழுக்கம்னு ஒரு கட்டம் இருந்துதே, அதுல என்ன எழுதினீங்க?"

"என்ன எழுதறது? அம்மா இல்லாத பையன். ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்ல. அதைத்தான் எழுதினேன்." ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மூடிடுவாங்களாமே. யாரைப் பார்த்தா நடக்கும்ணே?"

நாலு மணி முப்பத்தைந்து. எழுத்தர் இன்னும் ஜன்னலில்தான் இருந்தார். கட்டு இன்னும் ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்காது. சட்டைப் பையில் கடிதத்தின் மடிப்பு நெஞ்சில் உறுத்தியது.

"ஜன்னல் மூடிட்டாங்க," என்றார் கடைக்காரர். "இன்னைக்கு ஆகாது. நாளைக்குக் காலையில வந்து கேளுங்க."

சரக்கு இல்லாத நாளில் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடாமல் இருக்க இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்த வார்த்தை அது. நாக்கு தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டது.

"நாளைக்கு வந்தா போதுமாண்ணே?"

"போதும்."

"நல்லவேளை, உங்களைப் பார்த்தேன்," என்றார் ஓட்டுநர். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. நன்றி சொல்லிவிட்டு வேனை நோக்கித் திரும்பினார். ஏறுவதற்கு முன் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

பின்னால் தடதடவென்று படி இறங்கும் சத்தம். வாத்து போனை நீட்டிக்கொண்டே வந்தாள். "இங்க பாருங்க மாமா, என் பேரு! எழுத்துப் பிழைகூட இல்ல!" பிறகு அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தாள்.

"யாரு மாமா அது?"

"யாரோ. வழி கேட்டாரு."

"சொன்னீங்களா?"

வேன் கிளம்பி, தெருமுனையில் கை காட்டி, திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான், "சொன்னேன்," என்றார்.